மூன்று கால் மகோகனி ஸ்டாண்டு: தங்கமீனுக்கா, முகம் கழுவவா?

இங்கிலாந்தில் ஒரு பழம்பொருள் சந்தையில் ஒருவர் ஒரு ஸ்டாண்டு பார்த்திருக்கிறார். மகோகனி மரம், மூன்று வளைந்த கால்கள், மேலே ஒரு வட்ட வளையம், நடுவில் முக்கோணத் தட்டு, அதில் இரண்டு குட்டி இழுப்பறைகள். "ஜார்ஜியன் காலத்துத் தங்கமீன் ஸ்டாண்டு, இந்த வளையத்தில்தான் கண்ணாடிக் குடுவையை வைப்பார்கள்" என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். ஜார்ஜியன் என்றால் ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட 1714 முதல் 1830 வரையான காலம். ஸ்டாண்டைப் பார்த்தவர் என்னிடம் கேட்பது மூன்று. மீன் வைப்பதற்கென்றே அந்தக் காலத்தில் சாமான் செய்தார்களா? இது அதுதானா? வாங்கினால் இதில் மறுபடி மீன் வைக்கலாமா?

அவருக்கே நேராகச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால்: செய்தார்கள். இது அதுவல்ல. வைக்க வேண்டாம். பழைய ஆங்கில மரச்சாமான்களைச் சீர்செய்யும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயமும்கூட.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். தங்கமீனை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள் என்பதுதான் அந்தச் சாமானின் உயரத்தையும் உருவத்தையும் முடிவுசெய்தது.

சீனர்கள் தங்கமீனை மேலிருந்து பார்க்கவே வளர்த்தார்கள். விசிறிபோல் விரியும் இரட்டை வால், அகன்ற முதுகு எல்லாம் குனிந்து பார்க்கிறவருக்கான அழகு. அதனால் பாத்திரம் அகலமாக, கனமாக, தரையை ஒட்டி இருந்தது. சிங்தேசென் நகரச் சூளைகளில் செய்த பெரிய பீங்கான் மீன்தொட்டிகள் பலவற்றின் உட்பக்கத்திலேயே மீனும் நீர்ச்செடியும் வரைந்திருக்கும். தண்ணீர் ஊற்றினால் வரைந்த மீனும் நீந்துவதுபோலத் தெரியும். அப்படிப்பட்ட தொட்டிகள் கப்பலேறி இங்கிலாந்து வந்தபோது, அங்கே தச்சர்கள் செய்த முதல் வேலை அவற்றுக்குத் தாழ்வான, கெட்டியான அடித்தாங்கி செய்ததுதான். பின்னாளில் பெரும்பாலானவற்றில் மீன் போய்ச் செடி வந்துவிட்டது.

மீன் எப்போது வந்தது? 1665 மே 28 அன்று லண்டன் கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில், கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் உயிரோடு இருந்த வெளிநாட்டு மீன்களைப் பார்த்து வியந்ததை எழுதியிருக்கிறார். அவற்றின் மேலிருந்த அழகான கோலங்களைச் சொல்கிறாரே தவிர, தங்கமீன் என்று பெயர் சொல்லவில்லை. தங்கமீன் பரவலானது அதற்கு அறுபது ஆண்டுகள் கழித்து. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான சர் மேத்யூ டெக்கர் 1728 வாக்கில் தன்னிடம் வந்துசேர்ந்த நிறைய மீன்களை லண்டனைச் சுற்றியிருந்த செல்வந்தர்களுக்குக் கொடுத்தார். அதற்கப்புறம் பெரிய வீட்டுக் குளங்களில் அது சாதாரணமாகிவிட்டது.

இந்தக் கதையில் மிகவும் பேர்பெற்ற சாமான் ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போலின் தொட்டி. நீலமும் வெள்ளையுமான சீனப் பீங்கான். 1747-ல் அவருடைய செல்லப் பூனை செலீமா அதன் விளிம்பில் நின்று மீனை எட்டிப் பிடிக்கப் பார்த்து, உள்ளே விழுந்து செத்துப்போனது. நண்பர் தாமஸ் கிரே அதற்கொரு இரங்கற்பா எழுதினார். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்ற பழமொழிக் கருத்தோடு முடியும் அந்தப் பாட்டு இன்றுவரை வாசிக்கப்படுகிறது. வால்போல் பிறகு ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் அந்தத் தொட்டியைக் கோதிக் பாணிப் பீடத்தின் மேல் ஏற்றி, பாட்டின் முதல் பத்தியை எழுதி ஒட்டிவைத்தார். மீன் வாழ்ந்த பாத்திரம் வெறும் நினைவுப்பொருளாக மாறிய இடம் அது. அவருடைய தோட்டத்துத் தங்கமீன் குளத்துக்கு அவர் வைத்த பெயர் போ-யாங். சிங்தேசென் பக்கத்தில் இருக்கும் ஏரியின் பெயர்தான். அந்தக் குளத்திலிருந்து நண்பர்களுக்கு மீன் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

பூனை விழுந்தது ஒன்றைக் காட்டுகிறது: அந்தத் தொட்டி மேல்பக்கம் முழுவதும் திறந்த, அகலமான பாத்திரம். மேலிருந்து பார்க்கிற சீன முறை அப்போதும் இருந்தது. அடுத்த மாற்றம் கண்ணாடியால் வந்தது.

ஊதிச் செய்த உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் மீனைப் பக்கவாட்டில் பார்க்கலாம். அப்படியானால் குடுவை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேரே வர வேண்டும். மேஜை மேல் வைத்தால் மேஜை போய்விடுகிறது. உருண்டை அடியோ தானாக நிற்காது. அப்போதுதான் மீனுக்கென்று தனி ஸ்டாண்டு தேவைப்பட்டது. இந்தக் காலத்துக்கு மிகச் சிறந்த சாட்சி கில்பர்ட் வைட். செல்போர்ன் கிராமத்துப் பாதிரியாரான அவருடைய இயற்கை வரலாற்று நூல் 1789-ல் வந்தது. கண்ணாடிக் குடுவையில் தங்கமீன் வைத்திருக்கும் வீட்டுக்குப் போனால் தனக்குச் சந்தோஷம், அருகிலிருந்து கவனிக்கலாம் என்கிறார். தண்ணீரும் கண்ணாடியின் வளைவும் சேர்ந்து மீனைப் பெரிதாக்கியும் நெளித்தும் நிறம் மாற்றியும் காட்டுவதைக் குறித்திருக்கிறார். நோய் வந்த மீனின் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, தலைகீழாக நிற்பதுபோல ஆகி, கடைசியில் வயிறு மேலாக மிதப்பதையும் எழுதியிருக்கிறார்.

என் தொழிலுக்குப் பயன்படுகிற ஒரு வரியும் அதில் உண்டு. மீனின் தலைக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி காட்டினால் அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, ஆனால் குடுவை தொங்குகிற தாங்கியின் மேல் திடீரென்று தட்டினால் மிரண்டு துள்ளுகிறது என்கிறார். தொங்குகிற தாங்கி! அப்படியென்றால் சில வீடுகளில் குடுவையைக் கீழே வைக்காமல் தொங்கவிட்டிருக்கிறார்கள். இன்று சந்தைக்கு வருகிற, கொக்கியும் கழுத்து வளையமுமாக உள்ள கம்பித் தாங்கிகளை விளக்குத் தாங்கி என்று மட்டும் எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது.

அப்புறம் வைட் சொல்லும் இன்னொரு விசித்திரம். நடுவில் தனியாக ஒரு வெற்றிடம் விட்டுக் குடுவையை ஊதச் சொல்வார்களாம். அந்தக் குழிக்குள் கோல்ட்ஃபின்ச், லின்னெட் போன்ற ஒரு சின்னப் பறவையை விடுவார்கள். பார்ப்பவருக்குப் பறவை தண்ணீருக்கு நடுவே தத்துவதுபோலவும், மீன்கள் அதைச் சுற்றி வட்டமிடுவதுபோலவும் தெரியும். வைட்டுக்கு இது பிடிக்கவில்லை. மீனை எளிமையாகப் பார்ப்பதே அழகு, இப்படிச் சிக்கலாக்கினால் இயற்கைக்கு மாறாகிவிடுகிறது என்று எழுதிவிட்டார். நானும் அவர் பக்கம்தான். ஆனால் அந்தக் கண்ணாடி ஊதியவரின் கைத்திறனை நினைத்தால் மூச்சு நிற்கிறது.

இந்தக் குடுவைகள் மலிவானவை அல்ல. 1745-ல் சட்டமான வரி கண்ணாடியின் மேல் எடைக்கணக்கில் விழுந்தது. கனமான குடுவைக்குக் கூடுதல் வரி. நூறு வருடம் கழித்து 1845-ல்தான் அதை எடுத்தார்கள். அதனால் உண்மையான ஜார்ஜியன் மீன் ஸ்டாண்டு என்பது வசதியான வீட்டுச் சாமான். எண்ணிக்கையில் குறைவு. நீங்கள் சந்தையில் பார்க்கும் மீன் ஸ்டாண்டுகளில் பெரும்பான்மை அதற்குப் பிந்தியவை, அல்லது வேறு ஏதோ ஒன்றாக இருந்து பெயர் மாறியவை.

1845-க்குப் பிறகு காட்சியே வேறு. கண்ணாடி விலை இறங்கியது. தங்கமீனும் மலிந்தது. அதற்கு ஒரு காரணம் ஆச்சரியமானது. ஆலை நகரங்களில் நீராவி எஞ்சினிலிருந்து வரும் வெந்நீரைக் குளிரவைக்கக் குட்டைகள் வெட்டியிருந்தார்கள். அந்த வெதுவெதுப்பான நீரில் தங்கமீன் மற்றக் குளங்களைவிட வேகமாகப் பெருகியது. பிரிட்டிஷ் மீன்களைப் பற்றி 1836-ல் வந்த தன் நூலில் வில்லியம் யாரெல் இதைப் பதிவுசெய்திருக்கிறார், அந்தக் குட்டைகளின் சூடு சராசரி 80 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 27 டிகிரி செல்சியஸ்) என்று. நூற்றாண்டின் நடுவில் லண்டன் தெருக்களிலேயே தங்கமீன் கூவி விற்றார்கள்.

அதே சமயத்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் லண்டனில் ஒரு பரிசோதனை செய்தார். பன்னிரண்டு காலன் (சுமார் 55 லிட்டர்) தொட்டியில் இரண்டு சிறிய தங்கமீன், வாலிஸ்நேரியா என்ற ஒரு நீர்ச்செடி. அழுகும் இலையால் தண்ணீர் கலங்கியபோது குளத்து நத்தைகளைச் சேர்த்தார். தண்ணீர் தெளிந்தது. அதை 1850-ல் வெளியிட்டார். செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் தொட்டி என்ற எண்ணம் அங்கிருந்து வீடுகளுக்குப் பரவியது. 1853-ல் லண்டன் விலங்குக்காட்சி சாலை மீன் கூடம் திறந்தது. 1854-ல் பிலிப் ஹென்றி காஸின் நூல் அக்வேரியம் என்ற சொல்லையே ஊர்ச்சொல்லாக்கியது. அடுத்த பத்து வருடத்துக்கு வரவேற்பறை ஜன்னலோரம் அக்வேரியம் இல்லாத வீடு பின்தங்கிய வீடு என்கிற நிலை. வீட்டு அலங்காரம் பற்றி 1856-ல் எழுதிய ஷெர்லி ஹிப்பர்டும் அக்வேரியத்துக்கு நிறையப் பக்கம் கொடுத்திருக்கிறார்.

இந்தப் பத்து வருடத்துச் சாமான்தான் இன்று அதிகம் கைக்கு வருவது. அதில் எளிமையானது, எனக்குப் பிரியமானது, மணிக்குடுவை ஸ்டாண்டு. தோட்டக்காரர்கள் இளஞ்செடி மேல் கவிழ்க்கும் மணி வடிவக் கண்ணாடி ஒன்று உண்டு. உச்சியில் பிடிக்க ஒரு குமிழ் இருக்கும். அதை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் நல்ல வாயகன்ற மீன் பாத்திரம். ஆனால் குமிழ் அடியில் வந்துவிடுவதால் நிற்காது. அதனால் கடைசல்காரர்கள் வட்டமான மரத்தாங்கி கடைந்து, நடுவில் அந்தக் குமிழ் இறங்கும் அளவுக்குக் குழி எடுத்தார்கள். இன்று குடுவை உடைந்துபோய் மரத்தாங்கி மட்டும் தனியே வருகிறது. நடுவில் காரணமில்லாமல் ஒரு ஆழக் குழி உள்ள வட்டக் கட்டையைப் பழைய சாமான் குவியலில் பார்த்தால் எடுத்துப் பாருங்கள்.

அதற்கு மேலே போனால் வார்ப்பிரும்புக் கால்கள், மேஜைக்குள் பதித்த செவ்வகத் தொட்டி, தொட்டியின் மேலேயே பெரணிச் செடிக்கான கண்ணாடிக் கூடு என்று பலவிதம். இவற்றின் பிரிட்டிஷ் வார்ப்புகளில் சிலவற்றில் சாய்சதுர வடிவ முத்திரை இருக்கும். 1842 முதல் 1883 வரை பதிவான வடிவமைப்புகளுக்கு வைத்தது அது. உச்சி வட்டத்தில் உள்ள ரோமன் எண் பொருளைச் சொல்லும்: ஒன்று உலோகம், இரண்டு மரம், மூன்று கண்ணாடி, நான்கு மண்பாண்டம். வருட எழுத்து 1867 வரை மேல் மூலையில், 1868-லிருந்து வலது மூலையில். 1884 முதல் வெறும் பதிவு எண்தான். ஒரு பென்சிலும் மெல்லிய தாளும் எடுத்துக்கொண்டு போங்கள். துரு மூடியிருந்தாலும் தாளை வைத்துத் தேய்த்தால் முத்திரை எழும்பி வரும்.

சரி, நீங்கள் பார்த்த ஸ்டாண்டுக்கு வருவோம். மூன்று கால், வளையம், நடுத் தட்டில் இரண்டு குட்டி இழுப்பறை என்றால் அது பேசின் ஸ்டாண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் படுக்கையறையில் முகம் கழுவப் பயன்பட்டது. மேல் வளையத்தில் பீங்கான் பேசின், நடுத் தட்டில் சோப்பு உருண்டைக்கான கிண்ணம், கீழே தண்ணீர்க் குவளை, இழுப்பறையில் சில்லறைச் சாமான். அந்தக் காலத்து லண்டன் மரச்சாமான் வடிவமைப்பாளர் சிப்பன்டேலின் மாதிரிப் புத்தகத்திலேயே பேசின் ஸ்டாண்டு வரைபடங்கள் உண்டு. வியாபாரிகள் ரொம்ப காலமாக இதை 'விக் ஸ்டாண்டு' (பொய்முடி வைக்கும் தாங்கி) என்றும் தவறாகச் சொல்லிவருகிறார்கள். இப்போது தங்கமீன் ஸ்டாண்டு என்றும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வளையத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தால் பொருந்திவிடுகிறது, அவ்வளவுதான்.

எடையைக் கணக்குப் போட்டாலே தெரியும். உள்விட்டம் 30 செ.மீ. உள்ள உருண்டைக் குடுவை முழுக்க நிறைந்தால் 14 லிட்டர். முக்கால் நிரப்பினாலும் கண்ணாடியோடு சேர்த்துப் பத்து கிலோவைத் தாண்டும். பேசினில் இருப்பது இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர், அதுவும் கழுவியதும் கொட்டிவிடுவார்கள். மீன் குடுவையோ இரவு பகலாக அந்த எடையோடு நிற்க வேண்டும், வேலைக்காரர் இடித்தாலும் சாயக் கூடாது. அதனால் மீனுக்கென்று செய்த ஸ்டாண்டில் கால்கள் அகட்டியிருக்கும், நடுத்தண்டு தடித்திருக்கும், பேசின் ஸ்டாண்டின் மெலிந்த வளைவுகள் இருக்காது. இழுப்பறையும் இருக்காது. தண்ணீர் தளும்புகிற இடத்துக்குக் கீழே யார் இழுப்பறை வைப்பார்கள்?

தண்ணீரின் தடயமும் இருக்க வேண்டும். அரக்குப் பாலிஷ் மேல் ஈரம் பட்டால் வெள்ளையாகப் பூக்கும். ஈரம் மரத்துக்குள்ளேயே இறங்கி, பக்கத்தில் இரும்பு ஆணியும் இருந்தால் கருங்கறை வரும். பழைய வெனீரை, அதாவது மேலே ஒட்டும் மெல்லிய மரத் தகட்டை, ஒட்டியது வஜ்ஜிரப் பசை. அது தண்ணீரில் இளகும். அதனால் விவரமான தச்சர்கள் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஈயம் அல்லது துத்தநாகத் தகடு போட்டார்கள், வளையத்தைக் கெட்டி மரத்தில் செய்தார்கள். பல வருடம் மீன் நின்றதாகச் சொல்லும் ஸ்டாண்டின் வளையத்து உட்பக்கம் புதுப் பளபளப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வளையத்தைத் தண்டோடு பிணைக்கும் திருகாணியையும் ஒன்று கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நுனி மொட்டையாக, மரை சீரில்லாமல் இருந்தால் பழையது. கூர்நுனித் திருகாணி இங்கிலாந்தில் 1850-களில்தான் பரவியது. பழைய ஸ்டாண்டில் புது வளையம் பொருத்தி விற்பது நிறைய நடக்கிறது, அதை இது காட்டிக்கொடுக்கும். கடைசல் தண்டை இரண்டு திசையில் அளந்து பாருங்கள். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது, இருநூறு வருடத்தில் வட்டம் லேசாக முட்டை வடிவாகிவிடும். இரண்டு அளவும் அச்சாக ஒன்றாக இருந்தால் அது நேற்றைய கடைசல்.

குடுவையும் கூடவே வந்தால் அதைத்தான் நான் முதலில் கையில் எடுப்பேன். ஒருமுறை பட்டறைக்கு ஒரு மணிக்குடுவை அதன் தாங்கியோடு வந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். அடியில் சன்னமான கீறல்கள், மணலும் கூழாங்கல்லும் உராய்ந்தவை. பக்கத்தில், விளிம்புக்கு நாலு விரல் கீழே, சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். தண்ணீர் ஆவியாகும் மட்டத்தில் அது படிந்துகொண்டே இருக்கும். அந்த வீட்டில் யாரோ வருடக்கணக்காக அதே அளவுக்கு நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வாங்கியவர் வினிகர் போட்டுத் துடைத்துப் பளிச்சென்று கொடுக்கச் சொன்னார். வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டு அப்படியே விட்டேன். அதில் மீன் வாழ்ந்ததற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கோடுதான்.

உருண்டைக் குடுவையில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பது மீனின் கதையையும் சொல்லும். தண்ணீருக்குக் காற்று மேற்பரப்பு வழியாகத்தான் போகிறது. 30 செ.மீ. குடுவையைப் பாதி மட்டும் நிரப்பினால் மேற்பரப்பு 700 சதுர செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். 15 செ.மீ. அகலமுள்ள கழுத்து வரை நிரப்பினால் அதில் நான்கில் ஒரு பங்குதான். தண்ணீர் கூடுகிறது, காற்று குறைகிறது. பார்க்க நிறைவாக இருக்க வேண்டும் என்று கழுத்து வரை நிரப்பிய வீடுகளில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கும்.

அதனால் மூன்றாவது கேள்விக்கு என் பதில் உறுதியானது. பழைய குடுவையில் மீன் வைக்காதீர்கள். தங்கமீன் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளரக்கூடியது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம் தாண்டி வாழும். கழிவில் வரும் அம்மோனியா சின்னக் குடுவையில் சீக்கிரம் நஞ்சாகும், வடிகட்டி பொருத்தவும் இடமில்லை. 2005-ல் ரோம் நகராட்சி உருண்டைக் குடுவையில் தங்கமீன் வைப்பதையே தடைசெய்தது. குடுவைக்கும் நல்லதில்லை. இருநூறு வருடக் கண்ணாடிக்குள் எங்கே மயிரிழை விரிசல் இருக்கிறதென்று தெரியாது. பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற விஷயமா அது? மீன் வளர்க்க ஆசையிருந்தால் வடிகட்டியோடு பெரிய புதுத் தொட்டி வாங்கித் தனியாக வையுங்கள். பழைய ஸ்டாண்டும் குடுவையும் காலியாகவே ஜன்னலோரம் நிற்கட்டும். காலியாக என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தண்ணீர் நிறைந்திருந்தால், வெயில் படும்போது குடுவை லென்ஸாக வேலை செய்து மரத்தைக் கருக்கிவிடும்.

நீங்கள் பார்த்த ஸ்டாண்டு மோசமான பொருள் என்று நான் சொல்லவில்லை. காலும் வளையமும் இழுப்பறையும் ஒரே காலத்து வேலையாக இருந்தால் நல்ல பேசின் ஸ்டாண்டு அழகான சாமான். இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், நடுத் தட்டில் சோப்புக் கிண்ணம் உட்கார்ந்த வட்டத் தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால், விற்பவரிடம் அதைக் காட்டி, பேசின் ஸ்டாண்டின் விலையைக் கேளுங்கள்.